வட்டத்தை வலப்பக்கம் இழுக்கவும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சுவரில் ஆளை ஒட்டினோம். யாருக்காக இணையதளம் செய்கிறோமோ, அவரைப் போல ஒருவரைக் கற்பனை செய்து, படம் போட்டு, குணம் குறை எல்லாம் எழுதிக் கண்ணெதிரே மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது எங்கள் தொழில் வழக்கம். பெர்சோனா என்போம். இந்த முறை மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு முன்பதிவுத் தளம். நான் எழுதிய ஆள்: வயது ஐம்பத்தெட்டு, தனியாக வாழ்பவர், இரண்டு கைகளிலும் நடுக்கம், வாரம் ஒருமுறை சிகிச்சை. படம் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. மற்றதெல்லாம் என் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் அதற்குள் 'சுவரம்மா' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அக்கா முப்பது வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள். இன்று ஒரு பொத்தான் போடக் கால்மணி நேரம். சிகிச்சைக்குப் போய் வந்தால் நாலைந்து நாள் கை சொன்னபடி கேட்கிறது. ஒரு வாரம் விட்டால் கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில். அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் இரண்டு அறை வீட்டில் இருப்பது அந்த ஒரு மணி நேரத்தால்தான்.

மார்ச் 11

தளம் வந்ததும் முன்பதிவு கவுன்டரையும் தொலைபேசியையும் மூடப் போகிறார்களாம். அக்காவிடம் சொன்னேன். "நீ செய்யறதுதானே? அப்புறம் எனக்கென்ன கவலை?" என்றாள்.

மார்ச் 19, புதன்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சூப்பர்'. எதைக் காட்டினாலும் அதைச் சொல்லிவிட்டு, பிறகு மாற்றச் சொல்வார். உறுதி செய்ய ஒரு பெரிய பொத்தான் வரைந்திருந்தேன். கட்டை விரல் அகலம், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம்.

"சூப்பர். ஆனா ரொம்பப் பழசா இருக்கே."

அதற்குப் பதில் ஒரு சிறிய வட்டம். அதை விரலால் பிடித்து, விடாமல் திரையின் வலது ஓரம் வரை இழுக்க வேண்டும். நடுவில் விரல் எழும்பினால் வட்டம் ஓடிப்போய்ப் பழைய இடத்தில் நிற்கும். தவறுதலாக யாரும் முன்பதிவு செய்துவிடக் கூடாதாம். சுவரைக் காட்டினேன். "நடுக்கம் உள்ளவங்க எப்படி சார் இழுப்பாங்க?"

அவர் சுவரம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நடுக்கம்னா லேசாதானே? 'லேசான'னு போட்டுடுங்க."

போட்டேன்.

மார்ச் 26

இன்று சுவரம்மாவுக்குப் புதுப் போன் கிடைத்தது. பெரிய திரை. போன வாரம் கண்ணாடியைக் கழற்றினார்கள். தளம் எங்கே இடிக்கிறதோ அங்கே தளத்தை மாற்றுவதற்குப் பதில் ஆளை மாற்றுகிறோம். எந்த டாக்டராலும் முடியாததை எங்கள் மீட்டிங் அறையில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 2, புதன்

பயனர் சோதனை. நோயாளிகளை வைத்துச் செய்ய அனுமதிக் கடிதம் வரவில்லை, காத்திருக்க நேரமில்லை. கணக்குப் பிரிவிலிருந்து ஆறு பேரை உட்கார வைத்தார் சூப்பர். ஆறு பேரும் சடசடவென்று இழுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். நூற்றுக்கு நூறு.

அக்காவைக் கூட்டி வந்திருக்கலாம். கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாக வந்திருப்பாள். ஏன் கூப்பிடவில்லை? அவள் கை ஆடுவதை ஆபீசே வேடிக்கை பார்க்குமே என்று நினைத்தேன். அவளுக்காகக் கூசினேனா, எனக்காகவா? எனக்காகத்தான். எழுதிவிட்டேன், போகட்டும்.

மாலையில் சூப்பர் வந்தார். "அந்த நடுக்கம் பத்தின வரி ஒண்ணுதான் இடிக்குது. க்ளையன்ட் கேள்வி கேப்பாங்க. உங்க ஃபைல்தானே, நீங்களே எடுத்துடுங்களேன்."

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் அடுத்த ப்ராஜெக்டில் நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான். அதற்கே பயந்தேன். 'லேசான நடுக்கம்' என்ற இரண்டு சொற்களையும் நானே அழித்தேன்.

ஏப்ரல் 23

தளம் வெளியானது. கேக் வெட்டினோம். கவுன்டரை இன்றோடு மூடிவிட்டார்கள். சிகிச்சை அறையில் எல்லோரிடமும் 'இது என் தம்பி செஞ்சது' என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கேக் தின்றபடி அதைச் சூப்பரிடமும் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு வாரமாக அக்கா சிகிச்சைக்குப் போகவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. கேட்டால் 'இடம் கிடைக்கல' என்றாள். போனைக் கொடுத்து, "எங்க, போட்டுக் காட்டு" என்றேன்.

நாளைத் தேர்ந்தெடுத்தாள், நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அதுவரை சரி. அப்புறம் வட்டம். விரலை வைத்தாள், இழுத்தாள், பாதியில் கை எகிறியது. வட்டம் ஓடிப்போய்விட்டது. மறுபடி. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி. போனை மேசையில் வைத்து, முழங்கையால் அணை கொடுத்து மறுபடி. ஒன்பது தடவை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. அந்த வட்டத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தவன் நான்.

"கவுன்டருக்கு நேர்லயே போனேன்டா. 'வெப்சைட்ல போடுங்கம்மா'ன்னு வாட்ச்மேன் அனுப்பிட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிருக்க. நல்லாதான்டா இருக்கு. என் கைதான் சரியில்ல."

திட்டியிருக்கலாமே! செருப்பால அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். என் கைதான் சரியில்லையாம். வட்டத்தை நானே இழுத்துவிட்டேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இடம் கிடைத்தது.

மே 7, புதன்

காலையிலேயே சூப்பரிடம் போனேன். வட்டத்தை எடுத்துவிட்டுப் பொத்தான் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று, நிரல் எழுதும் பக்கத்து மேசைப் பெண்ணைக் கேட்டேன். "அரை நாள் சார்" என்றாள். ஆனால் சூப்பர் அசையவில்லை.

"புகார் ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம்? வரட்டும், பாத்துக்கலாம்."

இடத்துக்குத் திரும்பிப் புகார்ப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். அதை அனுப்பவும் வட்டத்தைத்தான் இழுக்க வேண்டும். பக்கத்து மேசைப் பெண்ணிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மே 20

அக்கா தன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பாதி புரியவில்லை, திரும்பக் கேட்டேன். "இனிமே நீயே பாத்துக்கடா" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் இதுவரை வந்ததில்லை.

ஜூன் 10, செவ்வாய்

புள்ளிவிவரக் கூட்டம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் சராசரியாக நாற்பத்தெட்டு நொடியில் முன்பதிவை முடிக்கிறார்களாம். மருத்துவமனைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது அக்காவுக்கு முன்பதிவு செய்தவன் நான். நாற்பது நொடிகூட ஆகியிருக்காது. அந்தக் கணக்கில் எத்தனை மகன்கள், எத்தனை மருமகள்கள், எத்தனை பக்கத்து வீட்டுக்காரர்கள்? முடியாதவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வட்டத்தை முழுதாக இழுத்தால்தான் எங்கள் கணக்கில் நீ ஒரு ஆள்.

சூப்பர் என் பக்கம் திரும்பினார். "உங்க அக்காகூட இதுலதானே புக் பண்றாங்க? எப்படி இருக்காம்?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

"ஈஸியா இருக்காம் சார்" என்றேன். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 12

சுவரம்மா ஃபைலின் பழைய பிரதி ஒன்று இருந்தது, நடுக்கம் அழிக்காதது. அதோடு மருத்துவமனைக்கு அனுப்ப ஒரு கடிதமும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அனுப்பவில்லை.

ஜூன் 26, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். டம்ளரில் பாதிதான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். பொத்தான் வைத்த துணி எதுவும் கொடியில் இல்லை. அடுத்த வாரத்துக்குப் போடவா என்று கேட்டேன்.

"வேணாம்டா. போன வாரமும்தான் போகல. ஒண்ணும் ஆயிடல. ஒவ்வொரு தடவையும் உன்னைப் போய்க் கேட்டுக்கிட்டு... உனக்கு ஆபீஸ்ல எவ்ளோ வேலை இருக்கும்."

வற்புறுத்தியிருக்கலாம். சரி என்றேன். அந்த ஒரு நிமிட வேலை இல்லை என்றானதும் மனதுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.