மாதிரி மோதிரத்தின் அளவு

அன்புள்ள தங்கைக்கு,

வலென்சாவில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. நான் சுகம். ஒரு ஆளுக்குச் சமைப்பதுதான் இன்னும் கைவரவில்லை. ரிசோட்டோ சோறு தினமும் மிஞ்சிப்போகிறது.

நம் நகைப் பட்டறைக்கு நூறு வயதாகிறது. தம்பி மகன் எட்டோரே அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறான். தாத்தா, அப்பா, தம்பி, பிறகு அவன். நீயும் நானும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று மாடியேறி வந்தான். "அத்தை, ஊர்ல எல்லாரும் மாதிரி மோதிரத்தைப் பதினாலாம் அளவுலதான் செய்றாங்க. நம்ம பட்டறையில மட்டும் ஏன் பன்னிரண்டு? போட்டுப் பாக்க வர்ற பாதிப் பேருக்கு நுழையவே மாட்டேங்குது."

"உங்க தாத்தா வச்ச அளவுடா."

"அவருக்கென்ன பைத்தியமா?"

"பிடிவாதம். ரெண்டும் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? நீ விரும்பியவரோடு அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய அன்று, அப்பா, உன் நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்டார். சாகும்வரை இந்த வீட்டில் உன் பெயரை யாரையும் சொல்லவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு புது மோதிரத்தையும், யார் சொல்லியும் கேட்காமல், உன் விரலுக்கே செய்தார்.

எட்டோரே அளவை மாற்றப்போகிறானாம். பழைய மாதிரிகளை உருக்குவதற்குள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்துடன் அனுப்புகிறேன்.

பொட்டலம் கட்டும் முன் என் விரலில் போட்டுப் பார்த்தேன். கடைசிவரை அப்பாவோடு இருந்தவள் நான்தான். பாதி விரலைக்கூடத் தாண்டவில்லை.

இப்படிக்கு,
அதே மாடியில் இருக்கும் உன் அக்கா