சத்தம் கேட்டால் ஓடு

இன்று காலை களுவாஞ்சிக்குடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் கடந்து போனேன். மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் சுண்ணாம்புத் தூளின் மணம் வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். உன் முப்பத்தோராம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. அதற்குள் இந்த மணம் உன்னைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னகா, பாத்துக்கு நிக்கிறாய்?" என்று கேட்கிற அதே நிலையில்.

நாம் இரண்டு பேரும் எண்ணூறு மீற்றர் ஓடுகிறவர்கள். நீ ஒரு பள்ளிக்கூடம், நான் இன்னொன்று. அப்போது சண்டைக் காலம். இராணுவச் சென்றிக் காவலரணில் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பொட்டைகள் விடியற்காலையில் வாவிக்கரையால் ஓடிப் பழகினால் அது கொழுப்புத்தானே. ஊரும் அதைத்தான் சொன்னது. நமக்கு அந்தச் சொல் பிடித்தும் இருந்தது.

ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷெல் விழத் தொடங்கியது. நீ மண்ணில் படுத்துவிட்டாய். நான் மதகுக்குள் பாய்ந்து, கல்லில் அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டேன். முறிவு வைத்தியர் கட்டை அவிழ்த்த அன்று, நடக்கலாம், ஓட்டத்தை மறந்துவிடு என்றார். என்னைவிட உனக்குத்தான் கோபம் வந்தது. எலும்பைப் பொருத்துவதுதான் அவர் வேலை, நீ ஓடுவதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல அவர் யார் என்று வழி நெடுகக் குமுறிக்கொண்டு வந்தாய்.

மறுநாளே என்னை வாவிக்குள் இறக்கினாய். முழங்கால் தண்ணீரில், காலை இழுக்கும் சேற்றில் நடக்கவிட்டாய். பிறகு இடுப்பளவு தண்ணீரில் ஓடச் சொன்னாய். தோணிக்காரர்கள் வலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். போட்டிக்காரியை நீயே வளர்த்துவிடுகிறாயே பிள்ளை என்று அவர்களில் ஒருவர் கேட்டார். "தனிய ஓடி முதலாவதா வாறதுக்கு எனக்கென்ன விசரா?" என்றாய் நீ.

கால் தேறிவிட்டது. மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாள்தான் தெரிந்தது, கெட்டுப்போனது கால் மட்டும் இல்லை என்று. ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் துப்பாக்கிக்கு அப்போது அனுமதி கிடையாது. கீல் போட்ட இரண்டு பலகையைச் சேர்த்து ஓங்கி அடிப்பார் விளையாட்டு ஆசிரியர், அதுதான் எங்கள் வெடி. அவர் அடித்தார். எல்லாரும் ஓடினார்கள். நான் கோட்டிலேயே குப்புறக் கிடந்தேன், வாயெல்லாம் சுண்ணாம்பு. இரண்டாம் தடவையும் அப்படியே ஆனது. தொடங்கவே முடியாதவளுக்கு ஓட்டம் எதற்கு என்று அன்றிரவு அழுது தீர்த்தேன்.

நீ இரண்டு பலகைத் துண்டோடு வந்தாய். கிணற்றடியில், வட்டை வயல் வரம்பில், கோயில் வீதியில் என்று சொல்லாமல் கொள்ளாமல் என் முதுகுக்குப் பின்னால் அடிப்பாய். அக்கம்பக்கத்தார் பங்கர்க் குழிக்குள் பாய்ந்து, பிறகு உன்னைத் திட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். நான் விழுந்தால் சிரிப்பாய். எழும்பி ஓடினால்தான் விடுவாய்.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உன்னை மறித்தார். "வெடிச்சத்தத்துக்குப் படுக்கிறவதான் உசிரோட இருக்கா. நீ என்ட புள்ளய ஓடப் பழக்கிறாய். ஓடுறவளத்தான் சுடுவானுகள்." அம்மா சொன்னதில் பொய்யில்லை. நீயும் இல்லையென்று வாதாடவில்லை. 

"ஓம் மாமி. ஆனா எந்தச் சத்தத்துக்குப் படுக்கிற, எதுக்கு ஓடுற எண்டு நாங்கதான் சொல்லணும். அவனுகள் இல்ல."

அம்மா பலகையைப் பறித்து அடுப்பில் வைத்தார். அடுத்த நாள் நீ வேறு பலகையோடு வந்து நின்றாய்.

மாவட்டப் போட்டி வந்தது. கோட்டில் எனக்குப் பக்கத்துத் தடத்தில் நீ. ஆசிரியர் பலகையைத் தூக்கிய அந்த நேரம் பார்த்து, வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் மெய்யான ஷெல் ஒன்று வெடித்தது. மைதானமே குப்புறப் படுத்தது: நடுவர்கள், பிள்ளைகள், ஐஸ்பழக்காரர், நீ. நான் மட்டும் ஓடினேன். தனியே ஓடுகிறேன் என்பது முதல் வளைவு முடியும்வரை எனக்குத் தெரியவே தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஆசிரியர் படுத்தபடியே கையை ஆட்டி, பிழையான தொடக்கம், திரும்பி வா என்று கத்துகிறார். நீ புழுதிக்குள் கிடந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். நான் திரும்பி வந்தேன். வெடி ஓய்ந்த பிறகு மறுபடி ஓடினோம். நீ முதலாவது, நான் மூன்றாவது. அடுத்த வருசம் உன்னைப் பிடிக்கிறேன் பார் என்றேன். "பிடி, பாப்பம்" என்றாய். கடைசிவரை பிடிக்கவில்லை.

ஷெல்லுக்கெல்லாம் தப்பிய உன்னைப் புற்றுநோய் கொண்டுபோனது. வருகிறவர்கள் விதி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஆத்திரம்தான் வருகிறது.

உன்னைத் தூக்கியபோது வழக்கப்படி பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். மயானத்துக்கு ஆண்கள்தான் போவார்கள். ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் சீனவெடி கொளுத்தினார்கள். நெஞ்சு பதறியது, கால் முன்னே போய்விட்டது. பார்த்தால், நான் படலையைத் தாண்டி உன் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன். உன் அண்ணன் திரும்பி, "தங்கச்சி, பொம்பிளயள் வாற இடமில்ல. திரும்பிப் போ" என்றார்.

இந்தத் தடவை நான் திரும்பவில்லை. கடைசிப் பிடி மண் விழும்வரை உன் பக்கத்தில் நின்றேன். ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. வெடிச்சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கட்டும். கால் நீ பழக்கிய கால்.