இன்வெர்ட்டரைக் கருக்கியது நான் இல்லை

அப்பா,

அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லியே அம்மா என்னை வளர்த்தாள். கேட்கிறேன்.

நம் இன்வெர்ட்டர் பன்னிரண்டு வோல்ட்தான் தாங்கும். பேட்டரி ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட்; இரண்டுக்கும் சிவப்பு முனையோடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு மாட்டு, வோல்ட் ஏறாது, கூடுதல் நேரம் ஓடும் என்று அண்ணனிடம் சொன்னேன். “படிச்ச திமிரு” என்று சிரித்தான். ஒன்றின் சிவப்பை இன்னொன்றின் கறுப்பில் மாட்டினான். இருபத்துநாலு வோல்ட் பாய்ந்து பெட்டி கருகியது. பக்கத்திலேயே நின்று பார்த்த நீங்கள் மெக்கானிக்கிடம் போனில், “பொண்ணு கை வச்சிட்டா” என்கிறீர்கள்!

பத்து மணிக்கு அவர் வருவார். உண்மையைச் சொல்லுங்கள்.

சோறு குக்கரில் இருக்கிறது. அண்ணன் அவனே போட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் வேண்டாம் என்ற பேட்டரித் தொழிற்சாலை வேலையில் இன்று சேர்கிறேன். விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. என் சாவி இந்தச் சீட்டின் மேல்.