இடது காலை நம்பாதே

நாள் 212. காலை 6.10
குறுங்கோள் ஏழு, பனிக்கட்டிக் கிடங்கு. காவலன் அருஞ்சுனை, வயது அறுபத்தெட்டு. பம்பு ஓடுகிறது. காற்று சரி. செயற்கை ஈர்ப்பு சரி. நான்தான் சரியில்லை. இடுப்பில் தொடங்கி இடது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடிக்கிறது. இதைப் படிப்பவருக்கு: ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் இவ்வளவு தூரம் வந்து திருத்தவும்.

நாள் 213. காலை 9.00
'பவளமல்லி' சரக்குக் கப்பல் இந்தப் பக்கமாக வருகிறது. அதன் டாக்டர் செண்பகவல்லி, சின்னப் பெண், ரேடியோவில் பேசினாள். மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் தூக்கச் சொன்னாள். ஒரு சாண் தூக்குவதற்குள் உயிர் போய்த் திரும்பியது.

"வலி பத்துக்கு எத்தன தாத்தா?"

"நீ ஒரு பாட்டுப் பாடுனா அஞ்சு. பாடலைன்னா பதினொண்ணு."

"முதுகுல ஜவ்வு பிதுங்கி நரம்ப நெரிக்குது. கத்தி வேணாம். சூட்டுப் பட்டை வைங்க, குப்புறப் படுத்து நெஞ்சத் தூக்குங்க, கொஞ்சம் நடங்க. பெரும்பாலும் அடங்கிரும். ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா? உக்கார்ற இடம் மரத்திருக்கா?"

பேத்தி வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது!

நாள் 216. காலை 9.05
பயிற்சி செய்தேன். வலி கொஞ்சம் மட்டு. இன்றும் அதே கேள்வி. கேட்கிற தினுசு எனக்குப் பிடிக்கவில்லை. குறுங்கோள் ஐந்தில் இருந்த இஸ்ரவேலுவை "சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லித்தான் கம்பெனிக்காரர்கள் கப்பலில் ஏற்றினார்கள். அவன் இடத்தில் இப்போது தானாக ஓடும் ஒரு இரும்புப் பெட்டி காவல் இருக்கிறது. எனக்கும் பெட்டி தயாராகிவிட்டது போல.

நாள் 219. மாலை 4.30
நேற்று ராத்திரியிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. உட்கார்ந்தால் யாருடைய பிட்டத்திலோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. வயசுக் கோளாறு.

"தாத்தா, கழிவுத் தொட்டி அளவு இங்க தெரியுது. ஏறவே இல்லையே?"

பார்த்தீர்களா, வேவு! ஆறிப்போன கடுங்காப்பியைக் குழாயில் ஊற்றினேன். அளவு ஏறியது.

"விளையாடாதீங்க. அடி முதுகுல நரம்புக் கொத்தே மாட்டியிருந்தா பயிற்சி உதவாது, உடனே அறுக்கணும். விட்டா கால் போயிரும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் கப்பலத் திருப்ப முடியும். நிசத்தச் சொல்லுங்க."

"குத்தால அருவி தோத்துச்சு போ தாயி! உம் வேலையப் பாரு."

நாள் 220. மதியம் 12.40
கப்பல் தாண்டிப் போய்விட்டது. இனி அதன் எஞ்சின் இரைச்சலில் ரேடியோ எட்டாது. கடைசியாகச் சொன்னாள்:

"பட்டைய வச்சா தோலத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கங்க தாத்தா."

குரல் கம்மியிருந்தது. ஆள் சிக்கவில்லை என்ற வருத்தம். பட்டையைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மாலை 5.15
வலி போய்விட்டது! சுத்தமாக. கம்பெனியையும் ஜெயித்தேன், பேத்தியையும் ஜெயித்தேன். இடது கால் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுகம்.

5.40
தீய்ந்த வாடை. ஏதோ வயர். படுத்தபடியே பானலைப் பார்த்தேன். பம்பு சரி. விளக்கு சரி. எல்லாம் பச்சை.

5.48
புகை போர்வைக்குள்ளிருந்து வருகிறது. கை வைத்தேன். கை சுட்டது. கால் சுடவில்லை. பட்டையைப் பிய்த்து எறிந்தேன். அதோடு என்னென்னவோ வந்தது. பார்க்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு காலும் வரவில்லை.

6.02
ரேடியோ பெட்டி வரை உடம்பைக் கையால் இழுத்து வந்தேன். சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா. உக்கார்ற இடம் மரத்துப் போச்சு தாயி. ஒண்ணுக்குப் போகல. ஊத்துனது காப்பி."

இரைச்சல்தான் வருகிறது.

6.30
திரும்பவும் சொன்னேன். இரைச்சல்.

6.55
உக்கார்ற இடம் மரத்துப் போச்சு தாயி. ஒண்ணுக்குப்