ஹார்ன் கேட்டு ஏற்றும் ஈடு

இன்று காலை மெஸ்ஸுக்குள் நுழைந்ததுமே அந்த வாடை அடித்தது. மூடிய டப்பாவுக்குள் வியர்த்துப்போன இட்லியின் வாடை. உனக்கு அது எவ்வளவு ஆகாது என்று கூடவே அடுப்படியில் நின்ற எனக்குத்தான் தெரியும். நீ இருந்திருந்தால் டப்பாவோடு தூக்கி வாசலில் வைத்திருப்பாய்.

முதலாளியின் மருமகன்தான் இப்போது மேனேஜர். சுரங்கத்திலிருந்து நைட் ஷிப்ட் பஸ் வருவதற்கு வெகு முன்பே எல்லா இட்லியையும் அவித்து அடுக்கிவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார். நான் மாட்டேன் என்றதால் விடியுமுன் வேறு ஆளை வைத்து அவித்துவிட்டார். கேஸ் மிச்சமாகிறதாம். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அடைமழை நாள். சாலையெல்லாம் சேறாகி பஸ் நேரத்துக்கு வரவில்லை. அவித்து வைத்த இட்லி கல்லாகிக் கிடந்தது. கம்மாபுரத்து கான்ட்ராக்ட் ஆட்கள் கரிச்சேறு படிந்த சட்டையோடு நனைந்து வந்து உட்கார்ந்தார்கள். அதையே சாம்பாரில் முக்கிக் கொடுக்கச் சொன்னார் முதலாளி. நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய்.

"மாவு காத்துகினு இருக்கும், இட்லி காத்துகினு இருக்காது. பசிச்சு வர்ற ஆளு காத்துகினு இருக்கவே கூடாதுங்க" என்றாய்.

முதலில் ஆளுக்கொரு சூடான டீ போனது. பிறகு இரண்டு இட்லிக் கொப்பரைகளையும் மாற்றி மாற்றி அடுப்பில் ஏற்றினாய். ஒரு ஈடு இட்லி இறங்கும்போது அடுத்த ஈடு பாதி வெந்திருந்தது. அன்றிலிருந்துதான் பஸ் டிரைவர் அண்ணன் மெஸ்ஸுக்கு முந்தின வளைவிலேயே ஒரு ஹார்ன் அடிக்கும் பழக்கம் வந்தது. ஹார்ன் கேட்டால் முதல் ஈடு ஏறும். பர்மனென்ட் ஆட்களுக்கு முதலில், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மிச்சம் என்றிருந்ததையும் நீதான் ஒரே வரிசையாக்கினாய். அதற்காக முதலாளியிடம் நீ வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

இன்றைக்கும் ஹார்ன் கேட்டது. நான் டப்பாக்களைத் தள்ளி வைத்துவிட்டுப் புது மாவை ஊற்றினேன். மேனேஜர் வந்து நின்றார். நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார். யார் கொடுத்த தைரியம் இது என்றும் கேட்டார்.

"என் கூட்டாளி கொடுத்ததுங்க. இப்ப அவ இல்ல. இருந்திருந்தா உங்ககிட்ட இவ்ளோ மரியாதையா பேசிக்கினு இருக்கமாட்டா."

இந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது, உனக்குத் தெரியாததா. ஆனாலும் கடைசி ஆள் கை கழுவும்வரை அடுப்பை விட்டு நான் நகரவில்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனபோது, இனி எனக்காகப் பேச யாருமில்லை என்று அழுதேன். வேறு மெஸ் தேடிப் போவேன். அங்கேயும் இப்படித்தான் அவிப்பேன். சண்டைக்கு வந்தால் வரட்டும். உன் கோபம் முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது.