பிர்கு ஊர்க் கிணறும் நம் வாசலும்

தூரத்துத் தீவில் கண்மூடிய என் பழனியண்ணாவுக்கு,

உன் வீட்டு வாசலைத் தோண்டிவிட்டோம் அண்ணா. கோபித்துக்கொள்ளாதே, முருங்கை மரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே நீ சொன்ன இடத்தில்தான். நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாராவது சொல்ல வேண்டும். அண்ணி எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறாத ஆள் யார்? நீயும் மீசை முளைத்ததும் ஏறினாய். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று யார் யார் தோட்டத்திலோ போர் போட்டாய். நம் வாசலிலும் மூன்று போட்டாயே, என்ன கண்டோம்? மூன்றிலும் தண்ணீருக்குப் பதில் கல்லுப் புகைதான். "ஊருக்கெல்லாம் போர் போட்டவன் ஊட்டுக்கு லாரித் தண்ணி வருது பாருங்க" என்று தெருவே சிரித்தது.

பிறகு மால்டா தீவுக்குப் போனாய், பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலைக்கு. கடலுக்குள் நீண்டிருக்கும் பிர்கு என்ற பழைய கோட்டை ஊர். "அம்முணி, இங்க ஆறும் இல்ல, ஏரியும் இல்ல. ஊட்டுக்கு ஊடு அடியில கெணறு!" என்று முதல் வாரமே போனில் கத்தினாய். மொட்டை மாடியில் விழும் மழை, குழாய் வழியே பாறைக்குள் இறங்குமாம். மேலே குடத்தின் வாய் போலச் சின்னதாக, உள்ளே ஒரு அறை அளவுக்கு அகலமாக. வீடு கட்டுகிறவர் கிணறும் வெட்டியாக வேண்டும் என்பது அந்தத் தீவின் பழைய சட்டமாம்.

நீ வேலை செய்த வீட்டுக்காரி ரீட்டா உனக்கு ஊர்க் கதை சொல்ல, நீ எனக்குச் சொன்னாய். துருக்கிக் கப்பல்கள் வந்து முற்றுகை போட்டபோது, மதிலுக்குள் அடைபட்ட சனம் சேர்த்துவைத்த தண்ணீரைக் குடித்துத்தான் தாக்குப்பிடித்தது என்பாய். உலகப் போரில் குண்டு விழுந்த நாட்களில் பாறையைக் குடைந்து தெருத் தெருவாக உள்ளே போய் உட்கார்ந்தார்களாம். ரீட்டாவின் அம்மா அந்தக் குகையில் பிறந்தவராம். மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்கள், கீழே போகிற நீ ரொட்டியை வாங்கி அதில் வைப்பாய். ஆகஸ்டில் தேவாலயத் திருவிழா வந்தால், பேண்டு வாத்தியக்காரர்கள் போகும் தெருவில் தோரணம் கட்ட உன்னையும் ஏணியில் ஏற்றிவிடுவார்கள். "நம்மூரு மாரியம்மன் நோம்பி மாதிரியே அம்முணி, வெடிச் சத்தங்கூட." அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"வந்ததும் நம்ம வாசல்ல ஒண்ணு வெட்றேன். போர் போட்டது போதும்" என்றாய். ஆனால் நீ பெட்டியில்தான் வந்தாய். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். உன்னை ஊருக்கு அனுப்பிவைக்க ரீட்டாவின் தெருவே அலைந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணிக்கு அந்தத் தீவின் பேர் கேட்டாலே ஆகாது. நான் கிணற்றுப் பேச்சை எடுத்ததும் எழுந்து போய்விட்டார். "அந்த ஊரு ஒங்கண்ணனத் தின்னுபோட்டுது. அதோட கெணறு எனக்கு எதுக்குங்க? ஊட்டப் பூட்டிட்டு எடப்பாடிக்கு எங்கம்மா ஊட்டுக்கே போறேன். அங்க குடிக்கத் தண்ணியாச்சும் வருது." மூட்டையும் கட்டிவிட்டார். உன் வீடு பூட்டிக் கிடப்பதை நான் பார்க்க வேண்டுமா அண்ணா? என்னால் முடியாது. ஆனால் அவரிடம் என்ன சொல்லி நிறுத்துவது?

அந்த வாரம்தான் ரீட்டா வீடியோவில் கூப்பிட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேசிப் பழகிய என் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்ததும் ரீட்டா முகம் மாறியது. "சரோஜா?" என்றார்.

அண்ணி திடுக்கிட்டார். "எம் பேரு இவங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

ரீட்டா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர் வீட்டுக் கிணற்றுக்குப் பூசி முடித்த அன்று நீ உள்ளே நின்று சரோஜா, சரோஜா என்று கத்தினாயாம். எதிரொலி கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்களாம். என்ன சொல் அது என்று கேட்டதற்கு, என் வீட்டுக்காரி என்றாயாம். பிறகு அந்தத் தெருவுக்கே உன் மனைவி பேர் தெரியுமாம்.

அண்ணி மடித்த துணியை மூட்டையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "எங்க வெட்டச் சொன்னாருங்க?"

பாறை லேசில் விட்டுக்கொடுக்குமா? கம்ப்ரசர் வைத்து உடைத்தோம். சிமெண்டு பூசினோம், கூரைத் தண்ணீர் இறங்கக் குழாயும் வைத்தோம். "தரைக்கடியில கட்டுற சம்புத் தொட்டிதானுங்களே, இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். வைகாசியில் ஒரு கோடை மழை பெய்து பாதி நிறைந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நாளில் அடியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. பூச்சு வெடித்து அவ்வளவும் ஒழுகிவிட்டது. அன்று நான் அழுதேன். அண்ணி அழவில்லை. "அந்தம்மாகிட்டக் கேளுங்க, அவங்க எதுல பூசுனாங்கன்னு" என்றார்.

சுண்ணாம்பும் இடித்த ஓட்டுத் தூளும் என்றார் ரீட்டா. அண்ணி மாட்டுக்கொட்டகையின் நாட்டு ஓடுகளை அவரே இறக்கினார். சங்ககிரியிலிருந்து சுண்ணாம்பு வந்தது. சிரித்த பெண்களே உலக்கையோடு வந்து ஓடு இடித்தார்கள். முடியெல்லாம் செம்மண் நிறம். சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூசி, ஈரச் சாக்குப் போட்டுக் காத்தோம்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை போனது, மார்கழி போனது, தண்ணீர் இறங்கவில்லை அண்ணா. தை முழுக்க ஆறு வீட்டுச் சோற்றுப்பானை அந்தத் தண்ணீரில்தான் பொங்கியது. எடப்பாடிப் பேச்சு இப்போது இல்லை.

மழைநீர் சேகரிக்க நம் தமிழ்நாட்டிலும் சட்டம் உண்டு. ஆனால் சுவரில் ஒரு குழாயை ஒட்டிப் போட்டோ எடுத்து அதிகாரியிடம் காட்டினால் முடிந்தது. அதைச் சொல்லத்தான் அடுத்த கிராம சபையில் எழுந்து நிற்கப்போகிறேன். போர் போட்டே பிழைக்கும் ரிக் முதலாளிகள் முன்வரிசையில் இருப்பார்கள். அண்ணி பக்கத்தில் நிற்கிறேன் என்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கட்டடம் புதிதாக எழும்புகிறது, அதன் அடியில் அடுத்த கிணறு வெட்டக் கேட்பேன். அது நிறைகிறவரைக்கும் நான் உட்காரமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அடம்பிடிப்பதில் உன்னையே கொண்டு பிறந்த,
உன் தங்கை அம்முணி