லெந்து முடியும்வரை மூன்று மெஷின்கள்

மார்ச் 7, 2025 – வெள்ளி

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள் நாற்பது திருத்தாமல் கிடக்கிறது. கிடக்கட்டும். இன்று இவர் தானாக வந்து பேசினார்!

இவர் வேலை பார்த்த மில்லை மூடி ஐந்து மாதம். இருபத்திரண்டு வருடம் அங்கே எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மூடின நாளிலிருந்து, கேட்டால் “ம்”. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தொந்தரவு செய்ய வேண்டாமென்று நானும் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போய்விடுவேன்.

ஹாஸ்டலிலிருந்து மகன் ஜினோ ஏதோ வீடியோ அனுப்பியிருக்கிறான். வீட்டிலேயே ஒரு மெஷினை ராப்பகலாக ஓடவிட்டால் பிட்காயின் சேருமாம். “ஒண்ணு வாங்குவமா ஜெஸி?” என்றார். மில் கொடுத்த செட்டில்மெண்ட் பணம் மொத்தமும் பேங்கில் இருக்கிறது. எனக்குத் திக்கென்றது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

“லெந்து நாளாச்சேங்க” என்றேன். ஈஸ்டருக்கு முந்திய இந்த நாற்பது நாள் நோன்பில் எங்கள் வீட்டில் புதுசாக எதுவும் வாங்குவதில்லை. மாமியார் காலத்துப் பழக்கம். “சரி, ஈஸ்டருக்குள்ள எது நல்லதுன்னு பாத்து வைப்போம்” என்றார். வைப்போமாம். நானும் சேர்த்தி.

மார்ச் 9 – ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டோம். மூன்று மெஷின். பேரும் வைத்தாயிற்று. பெரியவன், மூவாயிரத்து ஐந்நூறு வாட் தின்பவன். நடுவுலவன், எண்ணூறு வாட். சின்னவன் உள்ளங்கை அளவு, பதினெட்டே வாட். ஆனால் அவன் லாட்டரிச் சீட்டு, அடித்தால்தான் உண்டு. குளிர் நாட்டில் நடுவுலவனை ரூம் ஹீட்டராகவும் வைத்துக்கொள்கிறார்களாம். “மதுரையில ஹீட்டரு! வெளங்கிரும்” என்றேன். சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

பெரியவன் சத்தம் எழுபத்தைந்து டெசிபெல். அது எம்புட்டு என்று தெரிய வேண்டுமே! மிக்சியையும் கிரைண்டரையும் சேர்த்து ஓடவிட்டு, என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, “தூக்கம் வருதா?” என்று சமையலறையிலிருந்து கத்துகிறார். நான் “என்னாது?” என்று கத்துகிறேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், கல்யாண வீடா? எம்புட்டுத் தேங்கா அரைக்கிறீக?” என்றார். “சும்மாதாங்க்கா” என்று உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

மார்ச் 12 – புதன்

ஸ்டாஃப் ரூமில் கரண்ட் செலவைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சர் கை சும்மா இருக்குமா? பெரியவன் ஒரு நாளைக்கு எண்பத்து நாலு யூனிட். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கே நானூறுதான் ஆகும். ஐந்நூறைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். இவன் ஒரு வாரத்தில் தாண்டுவான். நடுவுலவனும் நட்டம்தான். சின்னவனுக்குப் போட்ட காசே திரும்பாது. சுண்டக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சொல்லவில்லை. சொன்னா திரும்பச் சுவத்தப் பாத்துப் படுத்துருவாரு. ஈஸ்டர் வரைக்குமாவது இந்த மனுசன் பேசட்டுமே. கர்த்தரே, இது பொய்யில் சேருமா?

மார்ச் 13 – வியாழன்

இன்றும் ஏழு மணிக்கு மெஷின் பார்க்க உட்கார்ந்தோம். பேப்பர் கட்டைத் தொடவேயில்லை. பிள்ளைகள் மார்க் கேட்டு அரிக்கிறார்கள்.

மார்ச் 22 – சனி

திருமங்கலம் போய்வந்தோம். மில்லில் இவரோடு வேலை பார்த்த முத்திருளன் பெரியவனையே வாங்கி, உரக்கடைக்குப் பின்னால் ஒரு ரூமில் ஓடவிட்டிருக்கிறார். கதவைத் திறந்தால் அனல். சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. முத்திருளன் மனைவி ஓர் ஓரமாக முறத்தில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். அந்த மெஷினால் உருப்படியாக நடப்பது அது ஒன்றுதான்.

இவர் மெஷினைப் பார்க்கவேயில்லை. சுவரில் போன வயரைத் தொட்டார், வெடுக்கென்று கையை இழுத்தார், மெயினை அணைத்தார். “ஏம் மாப்ள, இந்த லோடுக்கு இந்த வயரா? கடையோட சேந்து எரிஞ்சு போகவா? இம்புட்டு வருசம் என்கிட்ட என்னத்தக் கத்துக்கிட்ட?” முத்திருளன் தலையைச் சொறிந்தார். “அண்ணே, வீடியோல சொல்லலண்ணே.”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கியவர், சாயங்காலம் வரை முழு வயரையும் மாற்றினார். அத்தனை நேரமும் வாய் ஓயாமல் திட்டு. நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

ஏப்ரல் 8 – செவ்வாய்

முத்திருளன் சொல்லி ஒரு மாவு மில்காரர் இவரை வயரிங் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். காளவாசலில் வயர் வாங்கிக்கொண்டு அப்படியே போனார். ஏழு மணிக்கு டாணென்று வந்துவிட்டார் — மெஷின் பார்க்க.

ஏப்ரல் 18 – பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. நாளை மறுநாள் ஈஸ்டர், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். “ஏங்க, மூணுமே நட்டம். நான் போன மாசமே கணக்குப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

துவையலைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு, “நான் மொத நாளே போட்டுட்டேன்” என்றார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. “பின்ன எதுக்கு இத்தன நாளு? என்னைய என்ன கிறுக்கின்னு நெனச்சீகளா?”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: “மெஷினப் பத்திப் பேசினா நீ வந்து உக்காந்த. இல்லாட்டி உள்ரூமுக்குப் போயிருவ.”

அமைதி குடுக்குறேன், அமைதி குடுக்குறேன்னு அஞ்சு மாசம் அந்த மனுசன ஒத்தையில விட்டுருக்கேன். நான்தான். வேற யாரும் இல்ல. அழுதேன். “கஞ்சில விழுதுடி, ஏற்கெனவே உப்புக் கூட” என்றார்.

ஏப்ரல் 20 – ஈஸ்டர்

மட்டன் பிரியாணி. ஜினோ வந்திருந்தான். மெஷின் என்னாச்சு என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “போடா” என்றோம்.

ஜூன் 14 – சனி

இவருக்கு வாரம் நாலு நாள் வயரிங் வேலை இருக்கிறது. மற்ற நாள் கூப்பிட்டாலும் போவதில்லை. நான் இப்போது ஹாலில்தான் பேப்பர் திருத்துகிறேன்.

இன்று சாயங்காலம் போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஜெஸி, கார் வாங்கலாமா? மூணு வண்டி பாத்து வச்சிருக்கேன்” என்றார். எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். இவருக்குக் கார் ஓட்டவும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழு சீட் வண்டிதான் வேண்டுமென்று ஒரே பிடிவாதம். ரெண்டு பேருக்கு ஏழு சீட் எதுக்குங்க என்று நான் பிடித்துக்கொண்டேன். ஒன்பதரை வரை சண்டை போட்டோம். நாளைக்குக் கலர் பார்க்க வேண்டும்.